தோரிபியோவின் வரிப்பணம்

பாங்கூஸ் மீனின் முள் தொண்டையில் குறுக்கே நின்றபோது தோரிபியோ முதலில் அதை மதிக்கவில்லை. சோற்றை உருட்டி விழுங்கினான். முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது. வாழைப்பழம் விழுங்கினான். பழம் போயிற்று, முள் போகவில்லை. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் தடவினால் முள் இறங்கும் என்று அவன் மனைவி மெர்லிண்டா, அப்படிப் பிறந்த பக்கத்து வீட்டுக்காரனை இழுத்து வந்தாள். அவனுக்குப் படகு வலிக்கிற கை. தடவிய தடவலில் தோரிபியோவுக்குக் கழுத்தும் சுளுக்கிக்கொண்டது.

"போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றாள் மெர்லிண்டா.

தன் மூன்று சக்கர வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, அவளைப் பக்கப் பெட்டியில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி அவன் நகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அவசரப் பிரிவில் பெஞ்சு நிறைய ஆட்கள். இருப்பது ஒரே டாக்டர்.

"முள்ளா? அப்படி உட்காருங்க. கூப்பிடுவோம்," என்றாள் நர்ஸ் ரோவேனா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

உட்காரப் போன தோரிபியோவின் கண்ணில் சுவரில் இருந்த பலகை பட்டது. 'இந்த அவசரப் பிரிவு புகையிலை வரிப் பணத்தில் கட்டப்பட்டது.'

அவன் நெஞ்சு விரிந்தது.

"ஏம்மா, இது யார் காசுல கட்டினது? என் காசு! இருபது வருஷமா ஊதுறேன். என்னையே உட்காரச் சொல்றியே!"

பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சந்தையில் பன்றிக்கறி வெட்டும் பானியா. கறியோடு விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டு, துணி சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊதி ஊதி நுரையீரலைக் கெடுத்துக்கிட்டுப் படுக்கையெல்லாம் அடைச்சுக்கிறது நீங்கதான்யா. உங்க வரி உங்களுக்கே பத்தாது. இதுல பெருமை வேற!"

"அக்கா, நியாயத்தைப் பேசு. மேயருக்கு நெஞ்சு வலிச்சா விமானத்துல மணிலா போயிடுவார். இந்த ஊர் ஆம்புலன்சுக்குப் பெட்ரோல் போடுறது யாரு? வண்டி ஓட்டுறவனும் மூட்டை தூக்குறவனும். பணக்காரன் ஒரு சிகரெட் பெட்டிக்கு என்ன வரி கட்டுறானோ அதேதான் நானும் கட்டுறேன். ஏழை இழுக்கிறான், ஊரே பிழைக்குது. இது நியாயமா?"

"இழுக்காதேன்னு போடுற வரிய்யா அது! நீ ஏன் இழுக்கிறே?"

"நான் விட்டுட்டா இந்த இடத்தை இழுத்து மூடிடுவாங்களே! அப்புறம் உன் விரலை எங்கே கொண்டுபோய் ஒட்டுவே?"

பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள் தோரிபியோவின் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் பானியாவின் பக்கம். "சும்மா இருங்களேன்," என்று மெர்லிண்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் முள் சுரீரென்று குத்த, அவன் "அம்மா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

ரோவேனா சட்டென்று நிமிர்ந்தாள். "நெஞ்சு வலிக்குதா?"

வரிசையைத் தாண்ட இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று தோரிபியோவுக்குத் தோன்றியது. "லேசா," என்றான்.

"புகை பிடிப்பீங்களா?"

"பின்னே? இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அவ்வளவுதான். இரண்டு பேர் ஓடிவந்து அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். சட்டையைக் கழற்றினார்கள். மார்பில் ஒயர், மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி.

"ஐயோ, எனக்குத் தொண்டையில முள்ளு!" என்று அவன் கத்தினான்.

"பேசாதீங்க. பேசினா இதயத்துக்குக் கஷ்டம்," என்றார் டாக்டர்.

"மீன் முள்ளு டாக்டர்!"

"பயத்துல உளர்றார்," என்று டாக்டர் ரோவேனாவிடம் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸைத் தயார் பண்ணச் சொல்லு."

மெர்லிண்டா அழ ஆரம்பித்தாள். அவள் அழுகிறாள் என்றதும் உண்மையிலேயே நெஞ்சில்தான் ஏதோ என்று தோரிபியோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயத்தில் துடிப்பு எகிறியது. இயந்திரம் கீச்சிட்டது. வெளியே பானியாகூட எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் தோரிபியோ வாயை ஆவென்று பிளந்து உள்ளே விரலால் காட்டினான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இடுக்கியை விட்டு, வெள்ளையாக ஒரு முள்ளை வெளியே இழுத்தார்.

"இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

ஒயர்களைக் கழற்றினார்கள். மார்பு முடி பாதி ஒயரோடு போனது. ஆனால் வெளியே வரும்போது ரோவேனா, "பணம் எதுவும் வேண்டாம். புகையிலை வரியிலிருந்து போயிடும்," என்றாள். உடனே அவனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

"கேட்டீங்களா?" என்று பெஞ்சைப் பார்த்துக் கையை விரித்தான். "இலவசம் இல்லை! முன்கூட்டியே கட்டியாச்சு! பானியா அக்கா, உன் விரலுக்கும் நான்தான் பணம் கட்டுறேன். ஒரு நன்றி சொல்லிட்டுப் போ."

"தூ! அந்தச் சனியன் நாத்தமே எனக்கு ஆகாது. உன் நன்றியும் வேண்டாம், உன் காசும் வேண்டாம்," என்று பானியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் டோடோங் மூச்சிரைக்க உள்ளே வந்தான். பேருந்து நிலையத்தில் மரப்பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிகரெட்டும் மிட்டாயும் விற்பவன். தன்னுடைய முதல்தர வாடிக்கையாளருக்கு நெஞ்சடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பெட்டியோடு ஓடிவந்திருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வாடா, சரியான நேரத்துல வந்தே!" தோரிபியோ அவன் தோளில் கைபோட்டு, பெஞ்சுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். "இவங்ககிட்ட நீயே சொல்லு. உன்கிட்ட வாங்குறவங்கள்லயே சர்க்காருக்கு அதிகமா வரி கட்டுறது யாரு?"

டோடோங் சுற்றுமுற்றும் பார்த்தான். போலீஸ் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"பானியா அக்காதான் அண்ணே. வரி முத்திரை ஒட்டின பெட்டியைத்தான் கேட்டு வாங்குவாங்க. உங்களுக்கு நான் தர்றதெல்லாம் திருட்டுப் படகுல வர்ற சரக்கு."