மாமனார் காருக்குப் பல் தேய்த்த கதை

டூத்பேஸ்ட் தீர்ந்துபோனபோது காரின் வலப்பக்க விளக்கு மட்டும்தான் முடிந்திருந்தது.

பல்செட்காரர் குழாயை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, கழுத்தை நெரித்துப் பிதுக்கிப் பார்த்தார். ஒரு பட்டாணி அளவுகூட வரவில்லை. எழுந்து நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார். வலப்பக்க விளக்கு ஓரளவு தெளிந்திருந்தது. இடப்பக்க விளக்கு கண்புரை விழுந்ததுபோல வெளுத்துக் கிடந்தது. மொத்தத்தில் கார் அவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

அது அவருடைய கார் அல்ல, மாமனாருடைய கார். அங்கேதான் வினையே.

மாமனார் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகனை முதல் தடவை பார்த்தபோதே, எடை குறைந்த கல்லைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பதினொரு வருஷமாகியும் முத்திரை குத்தித் தரவில்லை. "மாப்பிள்ளை" என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்தது கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்தாலும் மகளைப் பார்த்துத்தான் பேசுவார். "அவரைச் சாப்பிடச் சொல்லு." "அவருக்கு ஃபேனைப் போட்டு விடு." யார் அந்த அவர் என்று பல்செட்காரரே சில சமயம் திரும்பிப் பார்த்ததுண்டு.

பழைய நண்பரைப் பார்க்க இரண்டு நாள் வெளியூர் போயிருந்த மாமனார், இன்று சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புகிறார். துணைக்கு வந்து தங்கியிருந்த மகளிடமும் மருமகனிடமும் மாமியார் காலையில் காபியோடு சேர்த்துக் கண்ணீரையும் கொஞ்சம் விட்டார்.

"ஒன்றரை வருஷமாச்சு, சனிக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போயி. ரிட்டயர் ஆனப்புறம் புள்ள என்னமா வயலின் கத்துக்கிட்டிருக்கான்! வாராவாரம் எல்லாரையும் உக்காரவச்சு வாசிக்கிறான். கூடப் பொறந்தவ நான்தான் போகாம கெடக்கேன்."

"போக வேண்டியதுதானே, அத்தை?"

"எப்படிப் போறது? ஏழு மணிக்கு ஆரம்பிச்சா முடிய ஒம்பது ஆயிடும். கார் லைட்டு ரெண்டும் மங்கிப்போச்சு. இருட்டுல ஓட்டினா ஆபத்துங்கறார். மாத்தலாம்னா இந்த மாடலுக்கு லைட்டே இப்ப வர்றதில்லையாம். அவருக்கும் பாவம் ரொம்ப வருத்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழே போயி லைட்டைத் தடவிப் பாத்துட்டுத்தான் மேல வருவார்."

"வாடகை வண்டி?" என்றாள் மகள். மாமாவின் வயலினை ஒரு தடவை கேட்டவள் அவள். கேள்வியில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

"சொந்தக் காரை வச்சுக்கிட்டு வாடகை வண்டியில போய் எறங்கினா என் தம்பி என்ன நெனைப்பான்?"

பல்செட்காரர் மனதில் பளிச்சென்று ஒரு பல்ப் எரிந்தது. மங்கிப்போன பிளாஸ்டிக்! இருபது வருஷமாக அவர் வேறென்ன செய்துகொண்டிருக்கிறார்? கடைவீதி மாடியில் சின்னப் பட்டறை. ஊரில் பாதிப் பேர் அவர் கையால் செய்த பல்லில்தான் சிரிக்கிறார்கள். வெற்றுப் பிளாஸ்டிக்கை ஈறுபோலப் பளபளக்க வைக்கிறவருக்கு ஒரு கார் விளக்கு எம்மாத்திரம்? ஐந்து மணிக்கு மாமனார் வந்து பார்ப்பார். அசந்துபோவார். வாய் தன்னால் திறக்கும். "மாப்பிள்ளை" என்று வரும். வராமல் எங்கே போகும்?

"ஏங்க, அப்பா காரைத் தொடாதீங்க," என்றாள் மனைவி.

"பிளாஸ்டிக்கைப் பத்தி எனக்கா சொல்ற? அத்தை, ஒரு பழைய துணி, பாத்திரம் தேய்க்கிற நார் ஒண்ணு குடுங்க."

"துணி தர்றேன். நார் இல்ல மாப்பிள்ளை. இந்த வீட்டுல நாரு வாங்கி வச்சா ரெண்டு நாள்ல காணாமப் போகுது. எலி தூக்கிட்டுப் போகுதோ என்னவோ."

அப்படித்தான் அவர் துணியும் டூத்பேஸ்டுமாகக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தார்.

இப்போது பேஸ்ட் இல்லை. கண்ணடிக்கும் காரின் முன் குந்தி, இடப்பக்க விளக்கைத் தொழில்முறைப்படி ஆராய்ந்தார். வெயிலில் கெட்ட பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும். இது மஞ்சளாக இல்லை. உள்ளே நீர் கோத்த மாதிரியும் இல்லை. மேலெல்லாம் வட்டவட்டமாகப் பொடிக் கீறல்கள். முரட்டு பிரஷ்ஷை வைத்துப் பல் தேய்த்தே தேய்ந்துபோனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதே மாதிரி இருந்தது.

நிமிர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"இந்தக் காரைக் கழுவறது யாரு?"

"நான்தான் சார், தினமும்."

"எதை வச்சுத் துடைக்கிறீங்க? மண்ணு ஒட்டின துணிதானே? பாருங்க, எப்படிக் கீறி வச்சிருக்கீங்க!"

"ஐயோ சார், மத்த எடமெல்லாம்தான் நான். லைட்டை மட்டும் ஐயா யாரையும் தொடவிட மாட்டாரு. அதை அவரேதான் பாத்துப்பாரு. சார், நான் ஒண்ணு சொல்லலாமா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

தானே பார்த்துக்கொள்கிறாராம்! அவ்வளவு அக்கறை. வேறு யாரையும் தொடவிடாத விளக்கை டூத்பேஸ்டால் பாதி தேய்த்து வைத்திருக்கிறோமே என்று பல்செட்காரர் காலிக் குழாயைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். இனி அரைகுறையாக விட முடியாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பறந்தார். கையில் பிடித்துச் சுழற்றும் பாலிஷ் மெஷினும், பல்செட்டைத் தேய்க்கும் சாம்பல் நிறத் தூளுமாகத் திரும்பி வந்தார். வாட்ச்மேனின் ரேடியோவைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒயரைச் சொருகினார்.

மெஷின் உய்யென்று கத்தியது. சாம்பல் சேறு தெறித்துக் கார், தரை, சட்டை எல்லாம் புள்ளியானது. பல்செட் என்பது கையளவு சமாச்சாரம், ஒரு இடத்தில் நாலு சுற்று விட்டால் போதும். பழக்கதோஷத்தில் அவர் பல் பல்லாகப் போய்க்கொண்டிருந்தார். இடப்பக்க விளக்கின் நடுவில், கடைவாய்ப் பல் இருக்கவேண்டிய இடத்தில், கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். பிளாஸ்டிக் சூடேறி இளகியது. மெஷினை எடுத்தபோது அங்கே கட்டைவிரல் வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம்.

"சொத்தை விழுந்துடுச்சு சார்," என்றார் வாட்ச்மேன்.

சொத்தை என்ற வார்த்தை பல்செட்காரருக்குத் தொழில்ரீதியாகவே வலித்தது.

பள்ளத்தைச் சமன் செய்ய உப்புத்தாள் வேண்டும். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸ், பிறகு அதைவிட நைஸ். தெருமுனை இரும்புக் கடைக்காரர் சொரசொரப்பானதை எடுத்துக் கொடுத்தார்.

"நைஸ் பேப்பர்?"

"திங்கக்கிழமை வரும்."

"எனக்கு அஞ்சு மணிக்குள்ள வேணுமே!"

"அப்ப அஞ்சு மணிக்கு வாங்க. திங்கக்கிழமை."

இருக்கிற தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். பள்ளம் மறைந்தது. கூடவே விளக்கும் மறைந்தது என்றுதான் சொல்லவேண்டும். இடப்பக்கம் தேய்த்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தானே நன்றாயிருக்கும் என்று, கொஞ்சநஞ்சம் தெளிந்திருந்த வலப்பக்கத்தையும் தேய்த்தார். எந்தப் புத்தி அப்படிச் செய்யச் சொன்னதோ, பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

மணி நாலு. மேலே பால்கனியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். நல்ல புடவைக்கு மாறியிருந்தார்.

"ஆயிடுச்சா மாப்பிள்ளை? தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். அக்கா வர்றாளேன்னு இன்னைக்கு ரெண்டு உருப்படி கூடுதலா வாசிக்கப் போறானாம்!"

பல்செட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் மெஷின் பையின் அடியில் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி தட்டுப்பட்டது.

பல்செட் மாவைக் குழைக்கிற திரவம் அது. மூடியைத் திறந்தாலே நெடி மூக்கைத் துளைக்கும். அவருடைய பட்டறையில் ஒரு ரகசிய வித்தை உண்டு: செட்டின் மேல் அதை ஒரு சொட்டுத் தொட்டு ஒரே இழுப்பில் துடைத்தால் கண்ணாடிபோல மின்னும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தானே?

"சார், இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேளுங்க. லைட்டு விஷயத்துல ஐயா..." என்று வாட்ச்மேன் ஆரம்பித்தார்.

"யோவ், ஓரமா நில்லுங்க. நெடி ஆகாது."

பஞ்சை நனைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க விளக்கின் மேல் ஒரே இழுப்பு.

அடடா! அதை எப்படிச் சொல்வது. சொரசொரப்பு, கீறல், வெளுப்பு எல்லாம் கரைந்து, விளக்கு அன்றைக்குத்தான் பிறந்ததுபோலத் திறந்துகொண்டது. உள்ளே பல்பு, பல்புக்குப் பின்னால் வெள்ளிக் கிண்ணம், அந்தக் கிண்ணத்தில் தலைகீழாகப் பல்செட்காரரின் முகம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சூட்டோடு இடப்பக்கமும் ஒரே இழுப்பு.

"அத்தை! கீழ வாங்க!"

மாமியார் படிகளில் ஓடியே வந்தார். பின்னால் மனைவி வந்தாள்.

"மாப்பிள்ளை! புதுசு தோத்தது போங்க! உங்க மாமா பாத்தா என்ன சொல்லுவாரோ!"

"பரவாயில்லையே," என்றாள் மனைவி. பதினொரு வருஷத்தில் அவளிடமிருந்தும் அப்படி ஒரு வார்த்தை அபூர்வம்தான்.

பல்செட்காரர் அடக்கமாகத் தலைகுனிந்து நின்றார். அதனால் முதலில் பார்த்தது அவரில்லை.

"என்னங்க அது?" என்றாள் மனைவி. "முடி மாதிரி?"

கண்ணாடிபோல நின்ற பிளாஸ்டிக்கின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது. அதிலிருந்து இன்னொன்று கிளைத்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. பாலில் தயிர் உறைவதுபோல, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு விளக்குகளும் ஓரத்திலிருந்து நடுவுக்கு நிதானமாக வெளுத்துக்கொண்டு வந்து, சேர்ந்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி நின்றன. பல்செட்டுக்கு ஒரு ஜாதிப் பிளாஸ்டிக், கார் விளக்குக்கு வேறு ஜாதி. அந்த ஞானம் அவருக்குச் சரியாக நாலு ஐம்பதுக்குப் பிறந்தது.

"லைட்டைப் போட்டுப் பாருங்க," என்றார் மாமியார், கடைசி நம்பிக்கையோடு.

போட்டார். கம்பளிக்குள் யாரோ டார்ச் அடித்துக்கொண்டு படித்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

வாசலில் வாடகை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மாமனார் பெட்டியோடு இறங்கினார். காரைச் சுற்றிக் கூட்டம், மருமகன் சட்டையெல்லாம் சாம்பல், கையில் பஞ்சு. பார்த்ததுமே அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று.

"என்ன நடக்குது இங்கே? லைட்டை... லைட்டையா சுத்தம் பண்ணினாரு?" கேள்வி வழக்கம்போல மகளுக்குத்தான். ஆனால் குரல் நடுங்கியது.

மகள் தரையைப் பார்த்தாள். பல்செட்காரர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, இடைத்தரகர் இல்லாமல், நேராக மாமனாரிடம் பேசினார்.

"நான்தான் மாமா. உங்களைச் சந்தோஷப்படுத்தணும்னு நெனச்சேன். கெடுத்துட்டேன். இனிமே இதை யாராலயும் சரி பண்ண முடியாது. என்னை மன்னிச்சிடுங்க."

"யாராலயும் முடியாதா?"

"முடியாது மாமா. பிளாஸ்டிக்கே உள்ளுக்குள்ள வெடிச்சுப்போச்சு."

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்தார். எடைக்கல்லைச் சோதிப்பதுபோல வலப்பக்க விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். இடப்பக்கம் போனார். அதையும் சுரண்டினார். துளியும் வெளுப்பு விடவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பல்செட்காரர் பதினொரு வருஷமாகப் பார்த்திராத ஏதோ ஒன்று இருந்தது. அடி விழப்போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தோளில் கை விழுந்தது. மெதுவாக விழுந்தது.

"போகட்டும் விடுங்க, மாப்பிள்ளை."

மனைவி நிமிர்ந்தாள். மாமியார் வாயைப் பிளந்தார். பல்செட்காரர் கண்ணைத் திறந்தார்.

"மாமா... என்ன சொன்னீங்க?"

"மாப்பிள்ளைன்னேன். வேறென்ன சொல்றது? உங்களை மாதிரி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கெடைப்பாங்க?" மாமனார் மனைவியின் பக்கம் திரும்பி, குரலைச் சோகமாக்கிக்கொண்டார். "நம்ம விதி அவ்வளவுதான்மா. இனிமே இருட்டினப்புறம் இந்த வண்டியை எடுக்கவே முடியாது. உன் தம்பிக்கு ஃபோன் போட்டு, மனசு விட்டுடாம நல்லா வாசிக்கச் சொல்லு."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்க வந்த வாட்ச்மேன், காலையிலிருந்து அடக்கி வைத்ததை இனியும் அடக்க முடியாமல், விளக்கை வியந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாருக்கு ராசியான கைதான் ஐயா! நீங்களும் ஒன்றரை வருஷமா சனிக்கிழமை தவறாம பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துட்டு வந்து தேயி தேயின்னு தேய்ச்சீங்களே, ஒரு நாளாவது இவ்வளவு வெள்ளையா வந்துச்சா?"