சந்தைக்கு முன்னால் இரவீந்திரன் அங்கிள்

உலகத்துச் சந்தைகளை மேலோட்டமாகப் பார்த்தவர்கள் கோடிப் பேர். முழுமையாகப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் ஒஸ்லோவில், புருசெத் பகுதியில், மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடும் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் வசிக்கிறார். பெயர் இரவீந்திரன். நாங்கள் அங்கிள் என்போம்.

இந்தக் கோடையில் அங்கிளும் அவர் மனைவி சிவநாயகி அன்ரியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு சீனாவின் மேற்குக் கோடியிலுள்ள காஷ்கர் போய், உய்குர் மக்களின் பாரம்பரியச் சந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மொத்தம் ஒரு பின்னேரம். அதன் பயனை மனித குலத்துக்கு வழங்காமல் விடுவது தவறு என்று அங்கிள் கருதினார். ஆகவே 'புருசெத் தமிழர் உலகப் பண்பாட்டு வட்டம்' அவசரமாகக் கூடி, குடியிருப்பின் நிலக்கீழ் மண்டபத்தில் 'பட விளக்க மாலை' நடத்தத் தீர்மானித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்குச் சமுகமளித்தோர் அங்கிளும் அன்ரியும்.

படம் ஓட்டும் பொறுப்பு எனக்கு.

"நீ சயன்ஸ் படிச்ச பிள்ளை. உனக்கு புரொஜெக்டர் தெரியும்," என்றார் அங்கிள்.

நான் படித்தது வேதியியல். ஆனால் இருட்டில் பின்வரிசையில் இருந்து, யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. உடனே சம்மதித்தேன்.

ரெய்ஹானை அழைத்ததும் நான்தான். குடிநீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் அவளுக்கு என் பக்கத்து மேசை. காஷ்கரில் பிறந்தவள். அந்தச் சந்தையில் அவளுடைய அண்ணனுக்கு ரொட்டிக்கடை இருந்தது. சில ஆண்டுகளாக அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இங்கிருந்து தொலைபேசி எடுத்தால் அங்கே அவனுக்குப் பொலிஸால் தொல்லை வரும் என்று அவள் எடுப்பதில்லை. போகவும் முடியாது.

"கடையில் அண்ணன் நிற்கிறானா என்று மட்டும் பார்க்க வேண்டும்," என்றாள் நோர்வேஜிய மொழியில்.

"நிறையப் படங்கள் எடுத்திருக்கிறார். நிச்சயம் இருக்கும்," என்றேன். இரவீந்திரன் அங்கிளின் படக்கலையை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

அதை விளக்க வேண்டும். எண்பதுகளில் அங்கிள் அகதியாக வந்தபோது, "நீர் சொல்கிற இடத்தில் நீர் இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று ஓர் அதிகாரி கேட்டாராம். அங்கிளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்றே ஒரு முடிவு எடுத்தார். அதன்பின் அவர் கால் வைத்த எந்த இடத்திலும் அவருடைய முகம் இல்லாமல் ஒரு படம் எடுக்கப்பட்டதில்லை. எடுப்பவர் அன்ரி. அங்கிள் இடம்பெறாத படம் 'பழுது' எனப்படும்.

மண்டபம் நிறைந்தது. மட்டன் ரோல்ஸ் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் ரெய்ஹான் இருந்தாள். நான் விளக்கை அணைத்தேன்.

முதல் படம்: அங்கிள். இரண்டாவது படம்: அங்கிள், அவருடைய இடது காதுக்கு அப்பால் ஒரு வத்தகப்பழம்.

"அங்கிள், சந்தை எங்கை?" என்றான் பிரசாந்தன். ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்த பல்கலைக்கழக மாணவன்.

"எனக்குப் பின்னால."

"அப்ப நாங்கள் எப்பிடிப் பாக்கிறது?"

"அதுக்குத்தானேடா நான் விளக்கம் சொல்லுறன். வாயை மூடிக்கொண்டு பார்."

அங்கிள் விளக்கினார். "வழிகாட்டி எண்டால் அவர்தான் வழிகாட்டி! எங்களை விட்டு ஒரு அடி விலகேல்லை. நாங்கள் கடைக்காரரோட கதைக்கப் போனால் அவரே முந்திப் பதில் சொல்லிப்போடுவார். பாவம், கடைக்காரருக்கு வாய் நோகக் கூடாதெண்டு."

"என்ன விருந்தோம்பல்!" என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்தது இறைச்சிக்கடை. அங்கிளின் தோளுக்கு மேலே ஒரு கத்தி தெரிந்தது. கத்தியில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை மேசையில்.

"கத்தியைக் கட்டி வைச்சிருக்கினம் பாத்தியளோ? அரசாங்கக் கட்டளையாம். அவ்வளவு ஒழுங்கு. எங்கட வீட்டில கத்தரிக்கோலைத் தேடவே அரைநாள் போகுது."

"அதை இஞ்சை ஏன் சொல்லுறியள்?" என்றார் அன்ரி.

"சனம் என்ன சந்தோசம் எண்டுறியள்! பாக்கிற முகமெல்லாம் சிரிச்ச முகம்," என்று முடித்தார் அங்கிள். கைதட்டல்.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில், அங்கிளோடு வேலை செய்த நோர்வேஜியர் ஒருவர் இலங்கைக் கடற்கரையில் வெயில் காய்ந்துவிட்டு வந்து, இதே வசனத்தைச் சொன்னார். "ஆமிக்காரன் பக்கத்தில நிண்டால் நானும் சிரிப்பன்," என்று சொல்லிவிட்டு அங்கிள் இரண்டு குளிர்காலம் அவரோடு பேசவில்லை. இதில் முரண்பாடு தேடுவோர் அறிவியல் அறியாதவர். இரண்டு மாதிரிகளை ஒப்பிட வேண்டுமானால் நிபந்தனைகள் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதில் நாங்கள் படத்துக்குள் இருந்தோம். இரண்டாவதில் படம் எடுத்தோம்.

அடுத்த படத்தில் அங்கிள் ஒரு பெரிய வட்ட ரொட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு நீலக் கதவுநிலையும், யாரோ ஒருவரின் தொப்பியும், அரைத் தோளும்.

ரெய்ஹான் எழுந்துவிட்டாள்.

"தயவுசெய்து கொஞ்சம் விலக முடியுமா?" என்றாள் நோர்வேஜிய மொழியில்.

திரைக்குப் பக்கத்தில் நின்ற அங்கிள் மரியாதையாக விலகினார். திரையில் நின்ற அங்கிள் விலகவில்லை.

"அது அவளுடைய அண்ணனின் கடை," என்றேன். என் குரல் மண்டபத்தில் கேட்டது அதுவே முதல் தடவை. எல்லோரும் திரும்பினார்கள். "அங்கிள், இந்தக் கடையில வேற படம் இருக்கோ?"

"ஒண்டு கிடக்கு. ஆனால் பழுது, பிள்ளை. இவ என்ரை தலையை வெட்டிப்போட்டா."

"கை நடுங்கினது," என்றார் அன்ரி. "வழிகாட்டி கெதியா கெதியா எண்டு கலைச்சவர்."

"பழுதைப் போட்டு என்ரை மானத்தை வாங்காதேங்கோ."

"போடு பிள்ளை," என்றார் அன்ரி.

போட்டேன். மூலையில் அன்ரியின் விரல். ஓரத்தில் அங்கிளின் ஒரு காது. மற்றபடி முழுக்கடை: நீல நிலை, மண் அடுப்பு, அடுக்கிய ரொட்டிகள், வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் ஆள். நல்ல துல்லியம். அந்த மாலையில் சந்தை என்று ஒன்று தெரிந்தது அந்தப் படத்தில்தான். பிரசாந்தன்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

ரெய்ஹான் திரைக்குக் கிட்டப் போனாள். அடுப்பின் விளிம்பில் விரலை வைத்தாள்.

"இது அப்பா கட்டினது."

"ஃபீன்ட்!" என்றார் அங்கிள். நன்று என்பதற்கு நோர்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். "பாத்தியளோ? கடை திறந்திருக்கு. ஆளும் நிக்கிறார்!"

மண்டபம் மறுபடியும் கைதட்டியது. நானும் தட்டினேன். ஒரு குடும்பத்தையே சேர்த்துவைத்துவிட்ட சந்தோசம்.

ரெய்ஹான் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"இவன் என் அண்ணன் இல்லை."

"வேலைக்கு வைச்ச ஆளாயிருக்கும்," என்றார் அங்கிள். "அண்ணை உள்ளுக்கு இருந்திருப்பார்." அதை நான் அவளுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

"உள்ளே அறை இல்லை."

அங்கிள் திரையைப் பார்த்தார். முதல் தடவையாக அந்தக் கடையைப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார்.

சிவநாயகி அன்ரி எழுந்துபோய் ரெய்ஹானின் கையைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், உண்மையான கவலையோடு கேட்டார்:

"அப்ப, உம்முடைய அண்ணா எங்கே, பிள்ளை?"

"அதை உங்களிடம் கேட்கத்தான் வந்தேன்," என்றாள் ரெய்ஹான். "போய்ப் பார்த்தது நீங்கள்."