சரித்திர அக்கா தைத்த முடிச்சு ரவிக்கை

போடியில் அக்காவிடம் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினவள் ஒருத்தி கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், சிலருக்கு வளைகாப்புக்குத்தான் வந்தது.

காலேஜில் சரித்திரம் படித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்ததால் ஊருக்கே அவள் ‘சரித்திர அக்கா’. டேப்பை எடுத்தால் ஆரம்பித்துவிடுவாள்.

“இந்தக் கொக்கியெல்லாம் நேத்து வந்ததுடி. ஆதியில கச்சுதான். துணியச் சுத்தி இறுக்குனாச் சோலி முடிஞ்சது. அப்புறம் முன்னாடி முடிச்சுப் போடுற ரவிக்கை. இந்தப் பஃப் கை இருக்கே, அது வெள்ளைக்காரி கொண்டாந்தது...”

பஃப் கை வருவதற்குள் போடிமெட்டுக்குப் போன ஜீப்பு திரும்பி வந்துவிடும்.

பேச்சோடு விட்டாளா? ஏலக்காய் தரம் பிரிக்கப் போகும் செல்வி சாதா ஜாக்கெட் கேட்டதற்கு, முன்னால் வால் தொங்க ஒரு முடிச்சு ரவிக்கை தைத்து வைத்திருந்தாள்.

“ஏக்கா, நான் காய் பொறுக்கப் போறேனா, கூத்துக் கட்டப் போறேனா?”

“போட்டுப் பாருடி, காத்து வரும்.”

“காத்துக்கு நான் மெட்டுக்குப் போய்க்கிறேன். என் துணியக் குடு!”

போன வருஷம் எனக்கு மார்பில் கட்டி வந்து, இடப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. எந்த ஜாக்கெட்டும் ஏறவில்லை, ஏறினாலும் எரிந்தது. மகள் கல்யாணத்துக்கு எட்டே நாள். நைட்டியோடு மேடையில் நிற்க முடியுமா? “நான் வரலை, நீங்களே நடத்துங்க” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அழுதேன். “நீ வராட்டி எனக்குத் தாலியே வேணாம்” என்று மகளும் அழுதாள்.

கேள்விப்பட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். போச்சுடா, இனிக் கச்சில் தொடங்குவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.  டேப்பைத் தொட்டும் தொடாமலும் வைத்து அளவெடுத்தாள்.

“வலிக்குதா ஆத்தா?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளே கொண்டுவந்தாள். மறுநாளே! உள்ளே பழஞ்சேலைத் துணி, வெளியே பட்டு, இடப் பக்கம் இலவம்பஞ்சு. தோள்வரை திறந்து நாடாவால் கட்டுகிற கை. முன்னால் முடிச்சு. கையைத் தூக்கவே வேண்டாம். முடிச்சை நானே போட்டுக்கொண்டேன்.

முகூர்த்தத்தில் எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் முன் வரிசையில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் என் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையை விட்டு இறங்கியதும் நேரே போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

“மெதுவாடி, முடிச்சு அவுந்துரும்.”

“அவுந்தா அவுழட்டும்க்கா. நீதான் பக்கத்துல இருக்கியே.”