அரை டம்ளரும் அரை டன் துணியும்

இன்னும் நடக்காத கல்யாணத்தில் சாப்பாடு பிரமாதம் என்று எழுத்துமூலம் சான்றிதழ் கொடுத்தவன் நான். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலராக இருந்தபோது, 'உப்பில்லாச் சாயமுறை திருப்பூர்த் தொழிலகம் ஒன்றுக்கு வெற்றிகரமாக வழங்கப்பட்டது' என்று ஒரு திங்கட்கிழமை தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். முதல் சோதனை நடக்கவிருந்தது புதன்கிழமை. காலாண்டு செவ்வாயோடு முடிகிறதே என்ற நல்லெண்ணத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

என் மானத்தை இப்படி அடகு வைத்தது உலகத்திலேயே நம்பத் தகாத ஒரு மனிதரிடம். நம்பத் தகாதவர் என்றால் பொய் சொல்பவர் என்று அர்த்தமில்லை. எந்த இடத்தில், யார் முன்னால் உண்மையைச் சொல்லித் தொலைப்பார் என்று சொல்ல முடியாதவர்.

அவர் எங்கள் கூடத்து விஞ்ஞானி. நெல்லைக்காரர். திருப்பூரில் 'அரை டம்ளர்' என்றால்தான் தெரியும். அளக்காமல் எதையும் தொடமாட்டார். டீக்கடையில் டீ வந்ததும் சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே விட்டு, "இன்னும் ரெண்டு டிகிரி எறங்கட்டும்" என்று காத்திருப்பார். முதல் நாள் கடைக்காரர் இவரைச் சுகாதாரத் துறை என்று நினைத்து, பஜ்ஜித் தட்டைத் தூக்கி உள்ளே ஒளித்துவிட்டார். எங்கள் விடுதியில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று எல்லோரும் வாயால் புகார் சொல்வோம். இவர் அடர்த்தியை அளந்து, வாரவாரியாக வரைபடம் போட்டு நோட்டீஸ் பலகையில் குத்திவிட்டார். சமையல்காரர் அதைப் பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார்.

அவர் பன்னிரண்டு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்தது ஒரு திரவம். பனியன் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்பு முழுவதும் கழிவுத் தண்ணீரில் வரும். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து எடுப்பதற்குள் சாயப்பட்டறைக்காரர்களின் ஆயுள் பாதி போய்விடும். இவருடைய திரவத்தில் துணியை முதலில் ஒரு முறை குளிப்பாட்டிவிட்டால் உப்பே இல்லாமல் சாயம் ஒட்டிக்கொள்ளும். இதை ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு சாயம் ஊற்றி, கைக்குட்டை அகலத் துணியை முக்கிக் காட்டுவார். அரை டம்ளருக்குள் அது ஒரு தடவையும் தோற்றதில்லை. அரை டம்ளருக்கு வெளியே அது ஒரு தடவையும் வந்ததில்லை.

என் ஸ்கூட்டரின் பின்னால் டம்ளரைப் பிடித்தபடி அவர் உட்கார, ஊரில் உள்ள பட்டறை எல்லாம் ஏறி இறங்கினோம். எல்லா முதலாளிகளும் அசந்துபோய்ப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அருமைங்க. முதல்ல வேற யாராச்சும் போட்டுப் பார்க்கட்டுங்க. ரெண்டாவது ஆளு நான்தானுங்க." அரை டம்ளர் அந்தப் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஒரு நாள் அதை என்னிடம் பெருமையாக நீட்டினார். "பாத்தியளா சார், ரெண்டாவது ஆளு இருபத்தோரு பேரு இருக்காவ. மொத ஆளு ஒருத்தருதான் பாக்கி."

காலாண்டு முடிந்து அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஒரு பட்டறையாவது இந்த முறையை ஏற்றுக் கையெழுத்துப் போடாவிட்டால் ஆராய்ச்சிக் கோப்பை மூடிவிடுவதாக மேலிடம் கடிதம் அனுப்பியிருந்தது. மூடிய கோப்பை எங்கள் கூடத்தில் மறுபடி திறந்து பார்ப்பது கரையான் மட்டும்தான். பன்னிரண்டு வருஷம் அதோடு போய்விடும்.

அப்போதுதான் மண்ணரைப் பக்கம் சாயப்பட்டறை நடத்தும் கலாமணி என்ற அம்மாள் முதல் ஆளாக வந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். கடற்படை நீலத்தில் அரை டன் துணி. மறுநாள் காலை நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கட்டிங்குக்குப் போயாக வேண்டிய சரக்கு.

"நீலம் சரியா வரலைன்னா கருப்புக்குப் போட்டு விட்டுருவேனுங்க" என்றார் கலாமணி. "அப்புறம் டம்ளரைத் தூக்கிட்டு எங்க கேட்டுப் பக்கம் வரக் கூடாதுங்க."

இது பட்டறைகளின் பழைய வழக்கம். எந்த நிறம் கெட்டாலும் அதன்மேல் கருப்பை ஏற்றிவிடுவார்கள். ஊரில் திரியும் கருப்பு பனியன்களில் பாதி, வேறு ஏதோவாக ஆசைப்பட்டுத் தோற்றவை என்பது என் சந்தேகம்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. சாய மாஸ்டர் வேலுச்சாமி, நெற்றி நிறைய விபூதியோடு, அரை டம்ளரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டார். உப்பு வேண்டவே வேண்டாமா, ஒரு கைப்பிடி கூடவா வேண்டாம் என்று. ஒரு கல் கூடக் கூடாது என்றார் இவர். வேலுச்சாமி இவரைப் பார்த்த பார்வையில், டாக்டர் கைவிட்ட நோயாளியைப் பார்க்கும் கனிவு இருந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியில் ஒரு துண்டு வெட்டி வந்தது. அரை டம்ளர் அதை டம்ளர்த் துணியோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். ஒன்பதரைக்கு வெளிர் நீலம். பத்தரைக்கும் வெளிர் நீலம். பதினொன்றரைக்கு அரசுப் பள்ளிச் சீருடை நீலம். என் அறிக்கையில் நான் 'ஆழ்ந்த, சீரான நீலம்' என்று வர்ணித்திருந்தேன். கலாமணி திட்டவில்லை. மெல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், கருப்பு ஸ்டாக் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மிணி."

அரை டம்ளர் மெஷினின் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே கயிறுபோல் சுழன்று ஓடும் துணியிடம் ஊர்ப் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஏறுல... இன்னும் கொஞ்சம் ஏறு. நல்ல புள்ளைல்லா."

கலாமணிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். முன்தினத்திலிருந்து இவர் எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், கருப்புக்குப் போடுவதற்கு இன்னும் அரைமணி தருகிறேன், முதலில் சாப்பிடுங்கள் என்று எங்களை ஆபீஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தக்காளிச் சோறு. ஆவி பறந்தது. அரை டம்ளர் தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை. அப்படியே அள்ளி வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, பேசாமல் விழுங்கினார். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

திரும்பி வந்தபோது வேலுச்சாமி சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுத் துண்டு வெட்டி வந்தது. டம்ளர்த் துணியோடு வைத்தோம். எது டம்ளர், எது மெஷின் என்று தெரியவில்லை. அப்படி ஒரு நீலம். கலாமணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார். நான் பேனாவைத் திறந்து அரை டம்ளரின் கையில் திணித்தேன்.

அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, தண்ணீரில் உப்பு அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். கழிவு வாய்க்கால் பக்கம் போய்க் குனிந்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேலுச்சாமியின் முகத்தைப் பார்த்ததும் நிச்சயமாகிவிட்டது. ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தேன். "சார், உங்க காலத் தொட்டுக் கும்பிடறேன். முதல்ல கையெழுத்து. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அளங்க." அவர் என்னைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் அவர் முகத்தில் ஒரு தடவை ஏறி இறங்கியது. கலாமணியிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அம்மா, இதுல உப்பு இருக்கு. என் முறை தோத்துப்போச்சு."

வேலுச்சாமி முன்னால் வந்தார்.

"நான்தானுங்க போட்டேன். அவரு மொகத்தப் பாக்கச் சகிக்கலீங்க அம்மிணி. சாயத்துக்கு ரோசம் வரட்டும்னு ரெண்டு மூட்டை கரைச்சு ஊத்திட்டேனுங்க."

கலாமணி அவரையே உற்றுப் பார்த்தார். "வழக்கமா இந்தச் சரக்குக்கு எத்தனை மூட்டை போடுவீங்க?"

"எட்டுங்க."

அரை டம்ளர் மீட்டரை மறுபடி பார்த்தார். வேலுச்சாமியைப் பார்த்தார். மீட்டரைப் பைக்குள் போட்டார்.

கலாமணி ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். அரை டம்ளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலைப்பில் 'உப்பில்லா' என்று இருக்கிறது, உப்புப் போட்டதை அந்தப் பெயரில் விற்க முடியாது என்றார். அது குறைந்த உப்பு முறை என்று நான் வாதாடினேன். அப்படி ஒன்றைத் தான் கண்டுபிடிக்கவே இல்லையே என்றார். தன் கண்டுபிடிப்பு வெற்றி பெற்றதை ஏற்க மறுத்து ஒரு மனிதர் அரைமணி நேரம் சண்டை போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் கலாமணிதான் முடித்து வைத்தார். "ஏனுங்க சார், நீங்க இதைத் தோல்வின்னே சொல்லிக்குங்க. எனக்கு அந்தத் தோல்வி வேணுமுங்க. மாசம் பூரா வேணும்."

அரை டம்ளர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு தலைப்பை அடித்துத் திருத்தினார். செய்முறைப் பக்கத்தின் கீழே தன் கையால் இரண்டு வரி எழுதினார். அவரும் கலாமணியும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் பாய்ந்து விழுந்து கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதியதில் 'வேலுச்சாமி மாஸ்டரின் யோசனைப்படி' என்ற சொற்கள் மட்டும் கண்ணில் பட்டன.

அந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றுப் போனார். இரண்டாவது ஆட்களில் பதினோரு பேர் இன்றைக்கு இந்த முறையில்தான் சாயம் போடுகிறார்கள். நானும் போகிற கூட்டத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறேன். போன மாதம்கூட வெளியூர்க்காரர் சிலரைக் கலாமணியின் பட்டறைக்கு அழைத்துப் போய், மெஷின் முன்னால் நின்று, உலகத்தைத் திருத்திய அந்த இரண்டு மூட்டை உப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். முடிந்ததும் வேலுச்சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே சார். ரெண்டில்லீங்க, மூணு. அன்னைக்கு அம்மிணிக்குப் பயந்துட்டு ஒன்னு கொறைச்சுச் சொன்னேனுங்க. அவரு மீட்டரப் பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டாரு. அத்தனை பேரு முன்னால என்னைக் காட்டிக் குடுக்காம, காயிதத்துல மட்டும் மூணுன்னு சரியா எழுதிட்டாரு. அம்மிணி அன்னிக்கே படிச்சுட்டுச் சத்தம் போட்டாங்க. இதைப் போடற பட்டறைக்காரங்க எல்லாருக்கும் தெரியுமுங்க. நீங்க ஒருத்தருதானுங்க இன்னும் படிக்கலை."