ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குச் சம்பளம் உண்டா?

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கடைக்கு வருகிற விசா அதிகாரிக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பவேண்டும்.

அதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை!

என் கடை கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் சலூன், மறுபக்கம் கோழிப் பொரியல் கடை, நடுவில் கமெரா திருத்துகிற நான். இந்தத் தொழிலை யாரிடமும் படிக்கவில்லை. அகதியாக வந்த புதிதில், சந்தையில் உடைந்த கமெராக்களை வாங்கிக் கழற்றுவேன். திரும்பப் பூட்டத் தெரியாமல் முழிப்பேன். முழித்து முழித்தே கற்றுக்கொண்டேன்.

இப்போது இளம் பிள்ளைகளுக்குப் பிலிம் கமெரா மேல் திடீர் ஆசை வந்திருக்கிறது. வேலை குவிகிறது. தனி ஆளாகச் சமாளிக்க ஏலாமல், மதுரையிலிருந்து சரவணனை விசாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தேன்.

சரவணன் நல்ல கைகாரன். கல்யாண வீட்டுப் படக்காரர்களின் கமெராக்களோடு வளர்ந்தவன். என்னை "அண்ணே" என்பான். நான் அவனைத் "தம்பி" என்பேன். இந்த இரண்டு சொல்லும் பின்னால் என்ன பாடு படுத்தப் போகின்றன என்று அப்போது தெரியாது.

ஸ்பொன்சர் செய்தால் சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தொகை. மணித்தியாலத்துக்கு இன்னொரு தொகை. இரண்டுக்கும் கீழே போகக்கூடாது. கூடுதலாக வேலை வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் விட்டால், மணித்தியாலக் கணக்கு தானாகக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் என் ஸ்பொன்சர் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் சரவணனின் விசாவும் போகும்.

முதலாளிக்கு இப்படி ஒரு குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறதா என்று என் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டேன். வெம்பிளியில் இருக்கிற பெடியன் அவர்.

"இல்லை அண்ணை. நீங்கள் பட்டினி கிடந்தாலும் சட்டம் கேக்காது" என்றார்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் அதே கணக்காளர் போன் எடுத்தார்.

"அண்ணை, சம்பளமெல்லாம் சரியாப் போயிருக்கு. ஒரு பிழையும் இல்லை. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் காணும்."

"நான் எங்கை கதைக்கிறனான்? ஊருக்கே தெரியும், நான் அமைதியான ஆள்."

"அதுதான் பயமாக் கிடக்கு. அமைதியான ஆக்கள் பதட்டத்திலதான் கதைப்பினம்."

எனக்குப் பதட்டம் இருந்தது உண்மை. சரவணனின் மனைவி கவிதா போன கிழமைதான் வந்து இறங்கியிருந்தாள். பிரஷர் குக்கரைச் சுற்றியிருந்த சேலையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அவளைத் திரும்பப் பெட்டி கட்ட வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம்.

அதிகாரி வந்தார். உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. மெல்லிய குரல். கதிரை போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். சம்பள விபரங்களைப் பார்த்தார். "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது" என்றார்.

அங்கேயே முடிந்திருக்கவேண்டியது!

"உங்கள் தொழிலாளியோடு தனியாகக் கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டார்.

சரவணனைப் பார்த்தேன். வியர்த்துக்கொண்டிருந்தான். அடப் பாவம், ஆங்கிலத்தில் தடுமாறப் போகிறானே என்று என் மனம் இளகிவிட்டது. வாயும் திறந்துவிட்டது.

"மேடம், அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூச்சம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்ய முடியுமா?"

அதிகாரி நிமிர்ந்தார். "ஆங்கிலப் பரீட்சை பாஸ் பண்ணித்தானே இந்த விசா கிடைத்திருக்கும்?"

"பாஸ், பாஸ்! நல்ல பாஸ்! கூச்சம்தான் கொஞ்சம்."

சரவணன் என் காதருகே வந்து, "அண்ணே, நான் இங்கிலீஷ்லயே சொல்லிருவேன்ணே. ஏன்ணே இப்படி?" என்றான்.

"நீ பேசாமல் இரு தம்பி. எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்."

அதிகாரி எங்கோ போன் எடுத்தார். ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். ஸ்பீக்கரில் வணக்கம் சொன்ன குரலிலேயே தெரிந்தது, நம்மூர் யாழ்ப்பாணத்துப் பெண். எனக்கு உச்சி குளிர்ந்தது. இனிக் கவலை இல்லை, நம்ம ஆள்!

பின்பக்கம் சாமான் அறைக்குள் இரண்டு பேரும் போனார்கள். ஸ்பீக்கரில் போட்டால் கடை முழுக்கக் கேட்கும் என்று, ஒரே போனை மாறி மாறிக் காதில் வைத்துக்கொண்டார்கள். சரவணன் தமிழில் சொல்லிவிட்டுப் போனைக் கொடுப்பான். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார்.

நான் முன்னால் நின்று ஒரு லென்ஸைத் துடைத்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. ஆனால் சரவணனின் குரல் மதுரைக் குரல். அதற்குக் கதவு என்பது ஒரு பொருட்டே இல்லை.

"ஞாயித்துக்கிழமையா? சும்மா வருவேங்க. அண்ணே பேசிட்டே இருப்பாரு. நான் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாரு."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உண்மைதான். என் மனைவி போன பிறகு திங்கள் முதல் சனி வரை நான் அதிகம் வாய் திறப்பதில்லை. ஞாயிறு கடை பூட்டு. நான் மட்டும் பழக்கதோஷத்தில் வந்து உட்காருவேன். அறையில் தனியாக இருக்கப் பிடிக்காமல் சரவணனும் வருவான். ஒரு கிழமைக்கு உரியதை அன்றைக்கு அவன் தலையில் கொட்டுவேன். பிறகு இரண்டு பேரும் சோறு சாப்பிடுவோம்.

நல்ல பெடியன், உள்ளதைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு லென்ஸைத் துடைத்தேன்.

கதவு திறந்தது. அதிகாரியின் முகம் மாறியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சம்பளம் இல்லாமல் வருகிறாராமே?"

"மேடம், அவர் சும்மா வருகிறவர். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் இல்லை."

"சம்பளம் கொடுக்கிறீர்களா?"

"இல்லை, ஆனால்..."

"அப்படியானால் மொழிபெயர்ப்பு சரிதான்." எழுதினார். "வந்ததும் நீங்கள் இவரை ஏசத் தொடங்குவீர்களாம். நிறுத்தவே மாட்டீர்களாம்."

"நானா?"

"இவர் உட்கார்ந்து கேட்கவேண்டுமாம். முடிவில் சாப்பாடு போட்டு அனுப்புவீர்களாம். சாப்பாட்டைச் சம்பளமாகக் கணக்கில் எடுக்க முடியாது, தெரியுமா?"

அதிகாரியின் மெல்லிய குரல் எட்டாத சாமான் அறை வாசலில், சரவணன் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றான். போன் அதிகாரியின் காதில் இருந்ததால் ஆங்கிலத்தில் என்ன போனது என்று அவனுக்குத் தெரியாது.

"இன்னொன்று" என்றார் அதிகாரி. "இவர் உங்களை அண்ணன் என்கிறார். உறவுக்காரர் என்றால் முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்."

"கடவுளே! உறவே இல்லை மேடம். அவர் மதுரை, நான் யாழ்ப்பாணம், நடுவில் கடல்! தம்பி, இங்கை வா, வந்து சொல்லு!"

"தம்பி என்றால்?"

வாயைப் பொத்திக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் போனிலிருந்து உண்மையாகப் பதில் சொன்னார். தம்பி என்றால் தம்பிதான். அதையும் அதிகாரி எழுதினார்.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு?" என்றான் சரவணன்.

"நான் உன்னை ஞாயிறு ஞாயிறு கூப்பிட்டு ஏசுறனாம்!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே! பேசுவாருன்னுதானே சொன்னேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரவணன் வந்த முதல் கிழமை, "அண்ணே, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றான். நான் திடுக்கிட்டுவிட்டேன். நான் என்ன பிழை செய்தேன், இவன் ஏன் என்னைப் பேசப் போகிறான் என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால், குளிருக்கு நல்ல சப்பாத்து எங்கே வாங்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"மேடம், தயவுசெய்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள்."

மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, அவர் சொன்ன சொல்லை ஒருக்கால் அப்பிடியே சொல்லுங்கோ."

"அண்ணே பேசிட்டே இருப்பாரு எண்டவர். அதைத்தான் நான் சொன்னனான்."

"எங்களுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது. அவையளுக்குப் பேசுறது எண்டால் கதைக்கிறது!"

போனுக்குள் ஒரு கூச்சல்.

"ஐயோ அண்ணை! இது எனக்குத் தெரியும் அண்ணை! அவர் பாவம் போலச் சொல்லேக்க அப்பிடியே நம்பிட்டன் அண்ணை!"

அதிகாரி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'அண்ணை' என்ற சொல்லை இதற்குள் அவர் பிடித்துவிட்டார்.

"இவரும் உங்கள் சகோதரியா?"

அன்றைக்குப் பிறந்த சகோதரங்களை விளக்கி முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. மொழிபெயர்ப்பாளரும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டு, பேசுவது, கதைப்பது, ஏசுவது மூன்றையும் ஆங்கிலத்தில் பிரித்துச் சொன்னார்.

அதிகாரி சரவணன் பக்கம் திரும்பினார். இந்த முறை ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்.

"இவர் உங்களை ஏசுவதில்லையா?"

"நோ மேடம். ஒன்லி டாக்கிங்."

"அதிகமாகவா?"

சரவணன் என்னைப் பார்த்தான். எனக்காகப் பொய் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன்.

"நான்ஸ்டாப், மேடம்."

"நீங்கள் அதைக் கட்டாயம் கேட்கவேண்டுமா?"

"பழகிருச்சு, மேடம்" என்பதை அவன் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னான் என்று எனக்கு நினைவில்லை. அதிகாரிக்கு விளங்கியது. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது கமெராவில் கை வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை!" என்றேன் நான்.

"ஒருதடவை" என்றான் சரவணன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கணக்காளர் தன் அறிவுரையை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கக்கூடாது.

"என்ன செய்தீர்கள்?"

"அண்ணே ஒரு கமெராவைக் கழட்டிக் காட்டினாரு. திருகாணி கீழ விழுந்துருச்சு. டார்ச் அடிச்சுத் தேடினோம்."

"திருகாணி தேடுவது வேலை இல்லை, மேடம்" என்றேன். "விழுந்ததை எடுப்பது மனிதத்தன்மை."

"கண்டுபிடித்தது யார்?"

"நான்தான்!" என்றான் சரவணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்படியென்றால் அது வேலை" என்றார் அதிகாரி.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கவிதாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? குக்கரைத் திரும்பச் சேலையில் சுற்று என்றா? உண்மையில் அப்போதுதான் நான் வாயை மூடினேன்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"அந்தத் திருகாணிக்கு உரிய நேரத்தை இந்த மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள். மற்றபடி நீங்கள் கொடுக்கிற சம்பளம் சரி. லைசென்ஸுக்கு ஒன்றும் இல்லை."

சரவணன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுக்கும் உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஆனால் ஒன்று" என்றார் அவர், வாசலில் நின்று. "இவர் ஞாயிறு உங்கள் கடைக்குள் இருந்தால், வேலை செய்கிறாரா, உங்களைச் சகிக்கிறாரா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியாது. இனிமேல் கடை வேண்டாம். வேறு இடத்தில் வைத்துக் கதையுங்கள்."

கணக்காளருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். திருகாணி தேடியதைச் சம்பளத்தில் எந்தப் பெயரில் போடுவது என்று கேட்டேன்.

"அண்ணை" என்றார். "நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"வாயைத் திறக்கவேண்டாம் எண்டு."

"இப்பவும் அதைத்தான் சொல்லுறன்."

சரவணன் விஷயத்தை வீட்டில் சொல்லியிருக்கிறான். அடுத்த நாளே கவிதா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை இனிமே நம்ம வீட்டுக்கு வந்துருங்க. எவ்வளவு வேணா பேசுங்க. ஆபீசர் அம்மா ஒண்ணும் கேக்க முடியாது."

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சரவணன் மட்டும் கேட்டதை இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள். ரசம் வேறு கிடைக்கிறது. சட்டப்படி யாரும் யாருக்கும் ஒரு பென்னிகூடக் கொடுக்கத் தேவையில்லை.

போன ஞாயிறு மட்டும் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. முந்திய நாள் வந்த ஒரு கமெராவின் ஷட்டர் பாதி வழியில் நின்றுபோகிறது. சரவணனிடம் ஒரு நிமிடம் காட்டிவிடலாம் என்று கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் மெதுவாக எடுத்துக் கழற்றத் தொடங்கினேன். அவனும் ஆசையாகக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து, சோற்றுச் சட்டியோடு கவிதா வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் என்னை வெகுநேரம் பேசினாள். யாழ்ப்பாணத் தமிழில் சொல்கிறேன்.