பதினாலு இறாத்தல்

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டரைக்கு விஜிதரன் நோபல் பார்க் வீட்டிலிருந்து துப்பாக்கிக் கழகத்துக்குப் புறப்பட்டார். எட்டே முக்காலுக்கு இன்னொரு முறை புறப்பட்டார். ஒன்பதுக்குத்தான் கார் உண்மையிலேயே நகர்ந்தது. இடைப்பட்ட நேரமெல்லாம் எந்த ஸ்பிரிங்கைக் கொண்டுபோவது என்ற யோசனை. கடைசியில் மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

இவர் தனி ஆள் இல்லை, வாசகரே. ஓர் இனம். ஸ்பிரிங் மாற்றி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவருடைய கைத்துப்பாக்கியைச் சுட்டால் அதன் மேற்பாகம் பின்னால் ஓடி, முன்னால் திரும்பி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். திருப்பிக் கொண்டுவருவது உள்ளே கிடக்கும் ஒரு ஸ்பிரிங். அதன் பலத்தை இறாத்தலில், அதாவது பவுண்டில் சொல்வார்கள், பாண் வாங்குவது மாதிரி. பன்னிரண்டு இறாத்தல் என்றால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது பறந்து பக்கத்து ஆளின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழும், பதினாறு என்றால் காலடியில் சோம்பலாக விழும், பதினாலு என்றால் எங்கே விழவேண்டுமோ அங்கே விழும் என்று அவர் மணிக்கணக்கில் விளக்குவார். கேட்பவர் கொட்டாவி விட்டால் படம் கீறிக் காட்டுவார். குறி தவறினால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? கை ஆடிவிட்டது என்று. இவர் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

"ஸ்பிரிங் கொஞ்சம் கூடிப்போச்சு," என்பார். அடுத்த வாரம், "கொஞ்சம் குறைஞ்சுபோச்சு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கிறவர் வருடத்தில் இத்தனை போட்டி சுட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் லைசென்சுக்கு ஆபத்து. விஜிதரன் அந்த வருடம் நாற்பது தடவையாவது கழகத்துக்குப் போயிருந்தார். ஆனால் சுட்ட போட்டிகள் தேவையான எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக இருந்தன. மற்ற நாட்களில் மேசையில் குனிந்து ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தார், அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் வருடத்தின் கடைசிப் போட்டி. பத்து மணிக்கு.

வாசலில் அவர் மனைவி யோகா சொன்னாள்: "சுட்டுப்போட்டு வாங்கோ. மாத்திப்போட்டு வந்து நிக்காதேங்கோ."

கார் தெருமுனையில் திரும்பியபோதுதான் யோகாவுக்கு முந்தின நாள் தான் செய்தது ஞாபகம் வந்தது.

மூன்று ஸ்பிரிங்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் விஜிதரன் ஒவ்வொன்றையும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அடையாளத்துக்கு யோகாவின் ஒட்டுப்பொட்டை ஒட்டிவைத்திருந்தார். கறுப்பு பன்னிரண்டு, மெரூன் பதினாலு, சிவப்பு பதினாறு. அதற்குப் பிறகு அவர் கண்ணே மாறிவிட்டது. கல்யாணவீடுகளில் பெண்களின் நெற்றியைப் பார்த்து இறாத்தல் எண்ணுவார்.

"இண்டைக்கு நீர் பதினாறோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"எழுபத்திரண்டு," என்றாள் யோகா. "கிலோ."

முந்தின நாள் வெள்ளிக்கிழமை, கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அவளுடைய பொட்டுப் பக்கெற் முடிந்திருந்தது. பைகளிலிருந்த மூன்றையும் உரித்து, சேலைக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மெரூனோடு கோயிலுக்குப் போய் வந்து, திருப்பி ஒட்டினாள். எதை எதில் ஒட்டினாள்? அதைத்தான் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொலைபேசியைக் கையில் எடுத்தாள். சொன்னால் என்ன நடக்கும்? கார் திரும்பி வரும், ஸ்பிரிங் அளக்கும் தராசு வெளியே வரும், பத்து மணி போய்விடும், லைசென்சும் போய்விடும். பிறகு வருடம் முழுக்க அந்த மனிதர் வீட்டிலேயே இருப்பார்.

தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

மிச்சம், அன்று போட்டியை நடத்திய சுபாங்கன் பிறகு சொன்னது.

"அண்ணை, இண்டைக்குச் சுடுறியளோ, மாத்துறியளோ?"

"ரெண்டும்," என்றாராம் விஜிதரன். மெரூன் பொட்டுப் பையைத் திறந்து, ஸ்பிரிங்கை மாட்டி, மேற்பாகத்தை ஒருமுறை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். "பதினாலு. என்ரை கை சொல்லுது."

"கை வேறை என்ன சொல்லுது?"

"நீர் தள்ளி நில்லும்."

பத்து மணிக்குச் சுட்டார். அவர் வாழ்க்கையிலேயே சுட்டிராத புள்ளிகள். லைசென்ஸ் தப்பியது.

யோகாவுக்கு நிம்மதி. ஒரு கிழமைக்குத்தான். ஏனென்றால் அதுவரை மாற்றிக்கொண்டிருந்தவர் இப்போது போதிக்கத் தொடங்கினார். கோயில் அன்னதான வரிசையில், பிறந்தநாள் விழாவில், பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடியே, "பதினாலுக்குக் கீழையும் போகாதேங்கோ, மேலையும் போகாதேங்கோ," என்றார். துப்பாக்கியே இல்லாதவர்கள்கூடத் தலையாட்டினார்கள். யோகா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. கழுத்துவலிக்கு வாங்கிய நாலாவது தலையணையில் சாய்ந்துகொண்டுதானே சிரிக்கிறீர்கள்? வாசலில் கிடக்கும் ஓட்டச் சப்பாத்து மூன்றாவது சோடி. முதல் சோடி பிழையாம், இரண்டாவது இறுக்கமாம். ஓடத் தொடங்கிவிட்டீர்களா? சரி, கேட்கவில்லை. போனமாதம் உங்களுக்குப் புட்டு பூவாக அவிந்தது புது மாவினால்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்களே, அந்தப் பெட்டிக்குள் எந்த மா இருந்தது என்று உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டுப் பார்த்தீர்களா? கேட்காமல் இருப்பது நல்லது.

மே மாதத்தில் ஒரு பின்னேரம் யோகாவின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. சுபாங்கன் அனுப்பியிருந்தான்.

"அக்கா, அண்ணைக்குக் கை சுளுக்கெண்டு அவரின்ரை துவக்கை நான்தான் துப்பரவாக்கிக் குடுத்தனான். ஸ்பிரிங்கை அளந்து பாத்தன். பதினாலு இல்லை, பதினாறு. அவரின்ரை பேச்சைக் கேட்டுக் கழகத்திலை ஆறு பேர் பதினாலு வாங்கிப் போட்டினம். அதிலை நானும் ஒராள். எனக்கு நல்லாத்தான் சுடுபடுது. அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."