பவளத்தின் முதுகும் அமெரிக்கச் சேணமும்

துறைமுகத்தில் சரக்குக் கட்டுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். கப்பலில் ஏற்றிய சரக்கு நடுக்கடலில் ஆடாமலிருக்க, அடியில் பலகையும் சாக்கும் முட்டுக்கொடுத்து, மேலே பெல்ட் போட்டு இறுக்குவதுதான் என் பிழைப்பு. வீட்டில் கிரைண்டர், பீரோ, ஊருக்குக் கொண்டுபோகும் பலகாரத் தூக்கு எல்லாவற்றையும் அப்படிக் கட்டியாகிவிட்டது. குதிரை மட்டும்தான் பாக்கி.

குதிரை என் மனைவி செல்வியுடையது. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து திரிந்த மெலிந்த பெட்டைக் குதிரையைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்காமல், ஒருநாள் காசு கொடுத்து வாங்கி, மாப்பிள்ளையூரணியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். பவளம் என்று பேர் வைத்தாள். பழைய சேணம் அழுத்தி அதன் முதுகு புண்ணாகியிருந்தது. புண் ஆறி முடி முளைக்கும்வரை யாரும் ஏறக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். சின்ன வயதிலிருந்தே குதிரை ஏற ஆசைப்பட்டவள், பல மாதம் தடவிக்கொடுத்ததோடு சரி.

முடி முளைத்த சமயம், கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஜெரோம் லீவில் வந்தான். அக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கவ்பாய் சேணம். முன்னால் பிடித்துக்கொள்ளக் கொம்பு, பின்னால் சாய்மானம், தோலில் பூவேலை. எங்கள் வீட்டு சோபாவைவிட வசதி. (உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

பவளத்தின் மேல் வைத்ததும் வண்டவாளம் தெரிந்தது. அது அந்த ஊர் அகல முதுகுக் குதிரைக்குச் செய்தது. பவளத்துக்கோ ஓட்டுக்கூரை மாதிரி கூர்முதுகு. சேணம் கீழே இறங்கி, பழைய புண் இருந்த எலும்பிலேயே போய் இடித்தது.

"இது இதுக்குச் சேராது. விட்டுருங்க," என்றாள் செல்வி. முகம் வாடிவிட்டது. அவள் வாடினால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச் பூசைக்குப் போன நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். அடியில் சாக்கு. அதற்கு மேல் பழைய மெத்தை. சேணம் கம்பீரமாக உயர்ந்தது, ஆனால் ஆடியது. சரக்கு ஆடினால் என்ன செய்வோம்? வயிற்று வாரை இறுக்கினேன்.

"அத்தான், குதிரை மூச்சு விடணும்லா?" என்றான் ஜெரோம்.

"ஏலே, கரண்டு எடுக்குத காத்தாடி இறக்கையவே கப்பல்ல கட்டி அனுப்புதவன் நான். நீ தள்ளு."

நான் ஏறி உட்காரவும், பூசை முடிந்து தெரு சனமே திரும்பி வரவும் சரியாக இருந்தது. அதுவரை வயிற்றை உப்பிக்கொண்டு நின்ற பவளம் மூச்சை விட்டது. வார் தளர்ந்தது. சேணம், மெத்தை, சாக்கு எல்லாமாகச் சரிந்தன. கொம்பைப் பிடித்திருந்த நானும் கூடவே போய், குதிரையின் வயிற்றுக்கடியில் தலைகீழாகத் தொங்கினேன். (என் சர்வீஸில் சரிந்த ஒரே சரக்கு நான்தான்.)

பவளம் ஓடவில்லை, உதைக்கவில்லை. கால்கள் நடுங்க அப்படியே நின்றது.

ஓடிவந்த செல்வி என்னைத் தாண்டிப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜெரோம் வாரை அறுத்து என்னை இறக்கினான். முடி முளைத்த இடம் மறுபடி சிவந்திருந்தது.

"நான் ஏறியே ஆகணும்னு உங்ககிட்ட கேட்டேனா?"

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சேணம் வாங்கிய கடைக்கு ஜெரோம் போன் போட்டு விசாரித்தான். வளையும் கம்பியைக் குதிரை முதுகில் படியவைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்களாம். கம்பியோடு என்னைக் கண்டதும் பவளம் ஒதுங்கியது. செல்வி அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் என்னைக் கிட்டே விட்டது.

"மெதுவா," என்றாள்.

"மெதுவாத்தான் செய்யுதேன்."

ஒன்றையும் இறுக்காமல் நான் செய்த முதல் வேலை அது. பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையில் வெட்டிய பவளத்தின் முதுகு ஜெரோமோடு கப்பலேறியது. அடுத்த லீவில் ஒடுக்கமான சேணம் வந்தது.

"அட்டையப் பார்த்துட்டு, குதிரைக்குச் சோறு போடுதீங்களான்னு கேட்டான்க்கா கடைக்காரன்," என்றான்.

இந்தச் சேணம் முதுகோடு முதுகாகப் படிந்தது. செல்வி ஏறினாள். பவளம் காதை முன்னால் நிமிர்த்திக்கொண்டு, உப்பளத்து ரோட்டில் நிதானமாக நடந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். இன்றைக்கும் அதே நிலைதான். நான் ஏறக் காலைத் தூக்கினாலே பவளம் விலகிக்கொள்ளும். எந்தக் கல்யாண வீட்டிலும் ஜெரோம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறான்: "எங்க அத்தான். குதிரை வச்சிருக்காரு. நடந்துதான் வருவாரு."

சாயங்காலம் பாதி ரோட்டில் செல்வி மேலேயிருந்து குனிந்து, "கால் வலிக்குதாங்க?" என்று கேட்பாள். வலிக்கும்தான். இல்லை என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குத் திருச்செந்தூர் வரைகூட நடக்கலாம்.